பெர்த் நகரத்து வெயில்

அவளுக்கு எங்கள் ஊர் வெயில் பிடிக்காது. "இதெல்லாம் ஒரு வெயிலா அக்கா? உச்சந்தலையில நின்னு முறைக்குது. நிழல்கூட வடிவா விழ மாட்டேங்குது," என்பாள். வெயில் பிடிக்காதவர்கள் குடை பிடிப்பார்கள், இல்லையென்றால் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள். அவள் வெயிலையே மாற்றிவிடுவாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

தொண்ணூறுகளின் நடுவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்துவிட்டது போலப் படமாக்கிக் கொடுப்போம். நான் பிளான் போடுகிறவள். கட்டடம் கட்டுகிறவர்களிடமிருந்து வரும் தாள்களைப் பார்த்து கம்ப்யூட்டரில் கோடு இழுத்து, சுவர் எழுப்பி, ஜன்னல் வெட்டி அவளிடம் தள்ளிவிடுவேன். வானமும் வெயிலும் வைப்பது அவள். என்னிடமிருந்து போகும்போது அது சாம்பல் நிறத்தில் அட்டைப்பெட்டி அடுக்கியது மாதிரி இருக்கும். அவளிடமிருந்து வரும்போது பார்க்கிறவனுக்கு அதில் குடியேற ஆசை வரும். "இந்தப் பொண்ணு கை பட்டா சுடுகாட்டுக்கும் புக்கிங் வாங்கிடலாம் லா," என்று முதலாளி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். சிரித்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

மென்பொருளில் வெயில் வைப்பதற்கென்று ஒரு சின்னப் பெட்டி திறக்கும். எந்த ஊர், எந்த மாதம், என்ன தேதி, எத்தனை மணி, வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்கும். சரியாக நிரப்பிவிட்டால் சூரியனை அதுவே உரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஊர்ப் பட்டியலில் கோலாலம்பூர் இருக்கத்தான் செய்தது. அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவள் விரல் நேராகப் பெர்த்துக்குப் போகும். அந்த ஊரில் அவள் இரண்டு வருஷம் கட்டடக்கலை படித்தாள். அம்மா இறந்ததும் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பி வந்தவள்.

"ஏம்மா, மலேசியாவுல கட்டற வீட்டுக்கு ஆஸ்திரேலியா வெயிலா?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டேன்.

"நமக்கும் பெர்த்துக்கும் ஒரே டைம் அக்கா. மணி மாறாது. யார் கண்டுபிடிக்கப் போறாங்க?"

மணி மாறாதுதான். சூரியன் மாறிவிடும். பெர்த்தில் நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்குப் பக்கமாகச் சாய்ந்தே போகும். ஜூன் மாதத்தில் இன்னும் தாழ்ந்து வந்து வாசலில் நுழைந்து அடுப்படிவரை நீளும். நம் ஊரில் அது ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே போகிறது. கூரை கொதிக்கும், கூடம் இருட்டாக இருக்கும். அவள் பெட்டியில் ஜூன் மாதம், காலை பத்து மணி என்று நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தாள். வெயிலில் துளி மஞ்சள் கலப்பாள். நம் வானத்தின் வெளுத்த புழுக்கத்தைக் குறைத்து நீலத்தை ஏற்றுவாள். மேகத்துக்கு அவளிடம் ஓர் ஆல்பமே இருந்தது. படிக்கிற காலத்தில் அங்கே எடுத்த படங்கள். அதில் எந்த மேகமும் மழை பெய்கிற மேகம் இல்லை. காலையில் கம்ப்யூட்டரை ஓட விட்டால் படம் முழுசாக வரச் சாயங்காலம் ஆகும். வந்ததும் இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து, "இப்ப வடிவு," என்பாள்.

அவள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆபீஸில் எங்களோடு எங்கள் தமிழையே பேசுவாள். அழகுக்கு 'வடிவு' என்கிற அந்த ஒரு சொல் மட்டும் அவள் வீட்டிலிருந்து கூடவே வரும். 'வடிவாக் காட்டுவம்' என்பதுதான் அவளுக்குத் தாரக மந்திரம். அது படத்தோடு நிற்கவில்லை என்பது எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது.

ஒரு மதியம் சாப்பிட அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆபீஸிலிருந்து பத்து நிமிஷ நடை. அவளுடைய அப்பா ரயில்வேயில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையில் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தானைக் கழுத்துவரை பூட்டி, கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் சோறு போட்டுக்கொண்டே பேப்பர் வாசித்துக் காட்டினாள். மரண அறிவித்தல் பக்கத்தில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவரின் படம் இருந்தது. என் முழங்கையைத் தொட்டு அதைக் காட்டிவிட்டு, பக்கத்தைப் புரட்டிப் பந்து விளையாட்டை வாசித்தாள்.

"பின் ரோட்டுக் குவாட்டர்ஸ் எல்லாம் உடைக்கிறாங்கள் எண்டு சத்தம் கேக்குதே?" என்று அவர் கேட்டார்.

"இல்லை அப்பா. ரோட்டுக்குத் தார் போடுறாங்கள்."

"அந்தப் பெரிய மரம் நிக்குதோ?"

"ஓம் அப்பா, நிக்குது. நிறையப் பூத்திருக்கு."

நாங்கள் வரும் வழியில்தான் அந்த இடத்தைக் கடந்து வந்தோம். மரம் இருந்த இடத்தில் தகர வேலியும், அதன் மேல் ஒரு பெரிய விளம்பரப் பலகையும் இருந்தன. பலகையில் இருந்த இருபத்தைந்து மாடிக் கட்டடத்துக்கு வெயில் வைத்தவளே அவள்தான். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். எனக்கு வாய்த்த புத்தி அவ்வளவுதான். கண் தெரியாத மனிதருக்குச் சொல்வதையே அவள் கண் தெரிந்தவர்களுக்கும் சொல்வாள் என்று தோன்றவில்லை.

என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிள்ளானுக்கு வெளியே, செம்பனை எண்ணெய்த் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகள் நாற்பது. அதில் ஒன்று எங்களுடையது. அப்பா போன பிறகு அம்மா அப்பளமும் மோர் மிளகாயும் போட்டு என்னைப் படிக்க வைத்தாள். கிள்ளானில் மூன்று கடை, பிரிக்பீல்ட்ஸில் இரண்டு சாப்பாட்டுக் கடை அம்மாவின் அப்பளத்துக்குக் காத்திருக்கும். வீட்டுக்கு முன்னால் பாய் விரித்து, காலை எட்டு மணிக்குப் பரப்பினால் பதினொன்றுக்குத் திருப்பிப் போடுவாள். எங்கள் வீட்டில் கடிகாரத்தைவிட வெயிலைத்தான் அதிகம் பார்ப்போம். 'இந்த வெயில் எனக்குப் பிள்ளை மாதிரி, ஒருநாள் வரலேன்னா வாசலையே பார்த்துக்கிட்டிருப்பேன்' என்பது அம்மாவின் பேச்சு.

அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கூச்சப்பட்டுக்கொண்டேதான் கூட்டிவந்தேன். அவள் கொஞ்சமும் வித்தியாசம் பார்க்கவில்லை. படியில் உட்கார்ந்து குச்சியை வைத்துக்கொண்டு காக்கை விரட்டினாள். அப்பளம் சுட்டுக் கொடுக்கக் கொடுக்க ஏழு எட்டு தின்றாள். "ஆன்டி, இதைப் பெர்த்துல வித்தா நீங்க மில்லியனர் லா," என்றாள். அம்மா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் வந்து போன இடத்திலெல்லாம் மனிதர்கள் கொஞ்ச நேரம் அழகாகிவிடுவார்கள். அதை நான் மறுக்க மாட்டேன்.

அடுத்த வருஷம் தோட்டத்து நிலம் கைமாறியது. லயத்தை இடித்து, பக்கத்திலேயே அடுக்குமாடி கட்டி, எங்களுக்கு ஆளுக்கொரு வீடு என்றார்கள். முதலில் அது வெறும் பேச்சாகத்தான் பட்டது. ஆனால் அதைப் படமாக்கும் வேலை எங்கள் ஆபீஸுக்கே வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வீட்டை நானே வரைந்தேன். இரண்டு பிளாக். முதல் பிளாக் வடக்குப் பார்த்தது. பால்கனிக்கு இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர், மேலே நாலடி நீட்டிய தளம், எதிரே இரண்டாவது பிளாக்கின் முதுகு. அந்த இரண்டாவது பிளாக்கில் கடைசி வரிசை மட்டும் கிழக்குப் பார்த்திருந்தது. அதற்குக் கீழே குப்பை அறை. தாளின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி போட்டதும் என் கைதான்.

மூத்த குடும்பங்கள் முதலில் வீடு தேர்ந்தெடுக்கலாம் என்று பேச்சு. அம்மாவுக்கு மூன்றாவது இடம். நானும் அம்மாவும் வீட்டில் கலந்து பேசி முடிவு செய்திருந்தோம். குப்பை அறைக்கு மேலே, கிழக்குப் பார்த்த வீடு. நாற்றம் அடித்தால் அடிக்கட்டும், காலை வெயில் வேண்டும். வெயில் இல்லையென்றால் அப்பளம் இல்லை. அப்பளம் இல்லையென்றால் அம்மா என் சம்பளத்தை எதிர்பார்த்து உட்கார வேண்டும். அதை அவள் சாவுக்குச் சமமாக நினைத்தாள்.

மறுநாள் ஆபீஸில், வெயில் வைக்கிறவளிடம் சொன்னேன். "இந்த ஒரு தடவை கோலாலம்பூர் போடும்மா. இது எங்க வீடு."

அவள் மறுக்கவில்லை. கோலாலம்பூரைத் தட்டினாள். சின்ன அளவில் ஓட விட்டுப் பார்த்தோம். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தோம். வெயில் கட்டடத்தின் மொட்டை மாடியில் விழுந்தது. வடக்குப் பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. பால்கனிகள் மூடி வைத்த இழுப்பறைகள் மாதிரி வரிசையாகத் தெரிந்தன.

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "உங்க சனங்க முதல் தடவை சொந்த வீட்டைப் பார்க்கப் போறாங்க அக்கா. இப்படியா காட்டறது? வடிவாக் காட்டுவம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இது விற்கிற படம் இல்லை, இதைப் பார்த்துத்தான் அவர்கள் வீடு எடுக்கப் போகிறார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் ஆசை இருந்தது. லயத்து ஆட்கள் முன்னால் என் ஆபீஸ் படம் நிற்கும்போது அது இருட்டுப் பெட்டியாக இருக்க வேண்டாம் என்ற ஆசை. அம்மாதான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாளே, படம் எப்படி இருந்தால் என்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தலையை ஆட்டினேன். அவள் பெர்த்தைத் தட்டினாள். எதிரே இருந்த இரண்டாவது பிளாக்கைப் படத்திலிருந்து எடுத்துவிட்டாள். அது நின்றால் முதல் பிளாக் தெரியாது, எல்லாப் படத்திலும் செய்கிறதுதான். சாயங்காலம் படம் வந்தது. ஐந்தாவது மாடி பால்கனியில் தேன் மாதிரி வெயில்.

மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். படத்தைப் பெரிய பலகையில் ஒட்டி மேடையில் வைத்தார்கள். லயத்து ஜனம் கிட்டே போய், விரலால் தொட்டு, அவரவர் வீட்டை எண்ணிப் பார்த்தது. குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். மேடையில் நிலம் வாங்கியவர்களின் ஆள், எங்கள் முதலாளி, கடைசியில் அவள். அம்மாவின் முறை வந்தபோது அம்மா நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றாள். ஐந்தாவது மாடியைத் தொட்டாள். பிறகு மேடையில் இருந்த மற்றவர்களை எல்லாம் விட்டுவிட்டு அவளைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்மா, நீ சொன்னாத்தான் நான் நம்புவேன். இந்த வீட்டுல வெயில் இப்படியே விழுமா? அப்பளம் காயுமா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் என் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"காலையில எட்டு மணியில இருந்து விழும் ஆன்டி. சாயங்காலம் வரைக்கும் இருக்கும்."

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நின்று, 'அம்மா, பொய், அது வேற ஊர் வெயில்' என்று சொல்ல ஒரு நொடி போதும். மேடையில் முதலாளி இருந்தார். படத்தைத் தொட்ட விரலை அம்மா இன்னும் எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் அம்மா பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். எங்கள் முறைக்குப் பின்னால் வந்தவர் குப்பை அறைக்கு மேலிருந்த கிழக்கு வீட்டை வேண்டா வெறுப்பாக எடுத்தார். இன்றைக்கும் அவர் வீட்டில்தான் துணி காய்கிறது.

அன்று இரவே அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவில்லை. "உனக்கு எப்பவும் சந்தேகம். அந்தப் பொண்ணு படிச்சவ. பொய் சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்து?" என்றாள். மறுநாள் ஆபீஸில் அவளைக் கேட்டேன். கத்தினேன் என்றே சொல்ல வேண்டும்.

அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "நான் என்ன சொல்லட்டும் அக்கா? அவ்ளோ ஆசையா கேட்டாங்க. எப்படி லா இல்லைன்னு சொல்றது? வெயில் கொஞ்சம் கூடக் குறைய வரும். ஆன்டி சமாளிச்சுக்குவாங்க."

இதில் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. ஏமாற்றுகிறவன் என்றால் திட்டி ஓயலாம். அவளுக்கு வேண்டியதெல்லாம் எதிரே இருக்கிற முகம் அந்த நிமிஷம் வாடக் கூடாது என்பது மட்டும். வாடுகிற முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அந்தக் கோழைத்தனத்துக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து நல்ல மனசு என்று பெயர் வைத்திருந்தோம். சொல்லி முடித்ததும் அவளே அதை நம்பியும் விடுவாள். நான் ஆறு மாதத்தில் வேறு ஆபீஸ் பார்த்துக்கொண்டேன்.

அடுக்குமாடிக்குக் குடிபோனோம். அம்மா முதல் நாளே பால்கனியில் பாய் விரித்து அப்பளம் பரப்பினாள். எட்டு மணிக்கு வெயில் வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. எதிர் பிளாக்கின் முதுகில் இருந்த தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தாள். ஜூன் மாதத்தில் பால்கனிக் கம்பியின் மேல் மட்டும் கொஞ்ச நேரம் வெளிச்சம் வந்து போகும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தட்டைத் தூக்கிக் கம்பிமேல் பிடித்துக்கொண்டு நிற்பாள். மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் நிர்வாகம் பூட்டு போட்டுவிட்டது. நடைவழியில் காற்றாடி வைத்துக் காய வைத்தாள். பூசணம் பிடித்தது. கிள்ளான் கடைக்காரர் ஒருவர் இருபது கட்டைத் திருப்பி அனுப்பினார். "பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க, கஸ்டமர் வாடை அடிக்குதுங்கறாங்க," என்று ஆள் சொல்லிவிட்டுப் போனபோது அம்மா உள்ளே போய் அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த அடுப்பு.

லயத்து ஜனத்தில் பாதிப்பேர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "உங்க ஆபீஸ் படம்தானே?" என்று லிப்டில் ஒருத்தி கேட்டாள். காட்டுத்தீயின் புகைமூட்டம் வந்து ஊரெல்லாம் சூரியன் தெரியாமல் போன வருஷம் அம்மா, "இப்ப எல்லாருக்கும் சமம்," என்றாள். சிரிக்க முயற்சி செய்தாள். அதற்கு முன்பே அப்பளத்தை நிறுத்தியிருந்தாள். என் சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று, அறுபது வயதில், ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் வெங்காயம் உரிக்கப் போனாள். அதை நான் தடுக்க முடியவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?

அந்த வெயிலை வைத்தவள் ஒருநாள் வந்தாள். அப்பா தவறிவிட்டார், தனியாக இருக்கிறேன், ஆன்டியைப் பார்க்க வேண்டும் என்று போன் செய்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் கேக்கோடு கொமுட்டர் ரயில் பிடித்து வந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். அம்மா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மீன் குழம்பு வைத்து, அப்பளம் பொரித்திருந்தாள். மணி பதினொன்று. கூடத்தில் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. சுவரில், வீடு ஒப்படைத்தபோது கொடுத்த காலண்டர். அதில் அவள் செய்த படம், அந்தத் தேன் வெயிலோடு. தாள்கள் கிழிந்து தீர்ந்தும் அம்மா அதை எடுக்கவில்லை.

"இன்னும் வச்சிருக்கீங்களா ஆன்டி!" என்று அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். பிறகு பால்கனிப் பக்கம் திரும்பிக் கேட்டாள், "வெயில் எல்லாம் வருதா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "வருதும்மா. நல்லா வருது. நீ இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்."

அவள் என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் வெளிச்சம். "பார்த்தீங்களா அக்கா, நான் சொன்னேன்ல."

நான் எழுந்துபோய் டியூப் லைட்டை அணைத்தேன்.

காலை பதினொரு மணிக்கு எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று அவள் அப்போதுதான் பார்த்தாள். அம்மாவின் முகம் தெரியவில்லை. காலண்டர் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் சுவிட்சில் கை வைத்தபடியே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். மன்னிப்புக்கூட வேண்டாம். இருட்டு என்று சொன்னால் போதும்.

"ஐயோ ஆன்டி," என்றாள் அவள். "வீடு எவ்ளோ குளிர்ச்சியா இருக்கு!"

"ஆமாம்மா," என்றது அம்மாவின் குரல். "ஏய், லைட்டைப் போடு. மீன்ல முள்ளு இருக்கு, அந்தப் பொண்ணுக்குத் தெரியாது."

போட்டேன். மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டு, கண்ணை மூடித் திறந்தாள். "என்ன இருந்தாலும் உங்க கை அப்பளம் அப்பளம்தான் ஆன்டி. கடையில இப்படிக் கிடைக்குமா?"

அந்த அப்பளப் பாக்கெட்டை முந்தின நாள் நான்தான் கடையிலிருந்து வாங்கி வந்திருந்தேன். அம்மா இன்னொன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.